ஜூன் கடைசியில் ஓபன்: பெட்டியில் எதை வைப்பது, எந்த நாளை எதற்கு ஒதுக்குவது

கேள்வி: ஜூன் கடைசி வாரம் கிளாஸ்கோவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கோவையிலிருந்து வருகிறோம். அங்கிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஓபன் நகருக்கு ரயிலில் போய் மூன்று இரவு தங்க எண்ணம். நான், மனைவி, 68 வயது அம்மா, ஒன்பது வயது மகன். கனத்த ஸ்வெட்டர், குடை எல்லாம் இங்கேயே வாங்கிவிடலாமா? அம்மா புடவைதான் கட்டுவார். தீவுகளுக்குக் கப்பலில் போவது பாதுகாப்பானதா? மழை பெய்தால் மூன்று நாளும் வீணாகிவிடுமா?

பதில்:

கனத்த ஸ்வெட்டரும் வேண்டாம், குடையும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆளுக்கொரு நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். அதைவிடவும் முக்கியமான ஒன்றுக்குக் காசே செலவில்லை: எந்த நாளில் எங்கே போவது என்பதைக் கோவையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் கரையைப் பொறுத்தவரை வானிலைக்கான ஏற்பாட்டில் பாதிதான் பெட்டிக்குள் இருக்கிறது. மீதி பயணத் திட்டத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியை மட்டும் கவனிக்கிறார்கள்.

ஜூன் கடைசியில் ஓபனில் பகல் வெப்பம் 15 முதல் 17 டிகிரி வரை இருக்கும். இரவில் 10 டிகிரி வாக்கில் இறங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் ஊட்டி மாதிரிதான். ஆனால் ஊட்டிக்குப் போட்டுக்கொண்ட அதே பின்னல் ஸ்வெட்டரோடு ஓபன் கடற்கரைச் சாலையில் நின்று நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் காற்று. கம்பளி எவ்வளவு கனமாக இருந்தாலும் பின்னலின் இடுக்குகளில் காற்று புகுந்து, உடம்பை ஒட்டி நிற்கும் வெதுவெதுப்பை அள்ளிக்கொண்டு போய்விடும். வெப்பம் 10 டிகிரி, காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் தோலுக்குத் தெரிவது சுமார் 6 டிகிரிதான். அங்கே 40 கிலோமீட்டர் வேகக் காற்று என்பது யாரும் பேசிக்கொள்கிற சமாச்சாரமே அல்ல. ஃபெர்ரியின் மேல்தளத்தில் எதிர்க்காற்றில் நின்றால் கப்பலின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே நீங்கள் தடுக்க வேண்டியது காற்றையும் ஈரத்தையும். குளிர் இவ்விரண்டுக்கும் பிறகுதான்.

மழையைப் பற்றி. ஓபனில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400. அளவில் பெரிய வித்தியாசமில்லை, பெய்யும் விதம்தான் வேறு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் கொட்டித் தீர்த்துவிடும். ஓபனில் அதை ஆண்டு முழுவதும் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறது வானம். அட்லாண்டிக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் தாழ்வழுத்தங்கள் ஈரக் காற்றை மேற்குக் கரையில் தள்ளுகின்றன. அந்தக் காற்று ஓபனுக்கு எதிரே கடலில் இருக்கும் மல் தீவிலுள்ள 966 மீட்டர் பென் மோர், ஓபனுக்குக் கிழக்கே 1,126 மீட்டர் பென் குரூஹன் போன்ற மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. மலைகளைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போகும்போது அதில் மிச்சமிருப்பது குறைவு. அதனால்தான் ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பகுதியில் ஓபனின் மழையில் பாதிகூடப் பெய்வதில்லை. ஆனால் கிழக்கே கோடையில் கடல்மூடுபனி திடீரென்று ஏறிவந்து பகலையே விழுங்கிவிடும்; அவரவர் கரைக்கு அவரவர் தொல்லை.

ஆண்டில் மழை குறைவான காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. நீங்கள் அதன் கடைசியில் வருகிறீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் ஓரிரு டிகிரி கூடும், மழையும் கூடும். எப்படியும் உங்கள் மூன்று நாளில் ஒரு நாளாவது நனைவீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாள் முழுக்க விடாது அடிப்பது ஜூனில் குறைவு. காலையில் சாரல், பத்து மணிக்கு வெயில், மதியம் ஒரு அடி, சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி, இதுதான் வழக்கம். எதிரே மல் தீவின் மலைகள் தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களின் பகடி. மேற்குக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் எதிரே தெரியும் மலையின் பெயரைப் போட்டு இதையே சொல்வார்கள்.

இனி உடை. உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய சட்டை. பருத்தி வேண்டாம், பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ. அதன்மேல் ஒரு சாதாரண ஃபிளீஸ் (எடை குறைந்த, மென்மையான செயற்கை இழைச் சட்டை). எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றுவீர்கள், காற்று வந்தால் போட்டுக்கொள்வீர்கள். ஒரு மணி நேரத்தில் இது இரண்டு முறை நடக்கும். ஒரே கனத்த உடை இந்த விளையாட்டுக்கு ஒத்துவராது. பருத்தியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது குடித்த தண்ணீரை விடாது. ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு குளிர்விக்கும். ஜீன்ஸ் இதில் மிக மோசம். ஒருமுறை நனைந்தால் அன்றைக்கு உலராது, ஓபனில் மறுநாளும் உலராமல் போகலாம். பையனுக்கு ஜீன்ஸ் எடுத்துவரவே வேண்டாம். விளையாட்டுக்கான பாலியெஸ்டர் கால்சட்டை மூன்று எடுத்துவாருங்கள்.

மழைக்கோட்டு வாங்கும்போது அட்டையில் ‘ஷவர்ப்ரூஃப்’ என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது கால் மணி நேரத் தூறலுக்கானது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று இருக்க வேண்டும், நீர் தாங்கும் அளவு 10,000 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பிறகு கோட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தையல்கள் மேல் ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையல் ஊசித் துளைகள் வழியே தோளில் தண்ணீர் இறங்கும். கடைசியாகக் கோட்டோடு சேர்ந்த தொப்பி. அதைப் போட்டு நாடாவை இறுக்கிக்கொண்டு கடையிலேயே தலையை இடமும் வலமும் திருப்புங்கள். தொப்பியும் கூடவே திரும்பினால் சரி. தலை மட்டும் திரும்பி, கண் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தால், சாலையைக் கடக்கும்போது அது ஆபத்து. கண்ணாடி போடுகிறவர்கள் தொப்பிக்குள் முன்விளிம்பு நீண்ட கிரிக்கெட் தொப்பி ஒன்றையும் போட்டுக்கொண்டால் சாரல் கண்ணாடியில் படாது.

குடையை ஏன் வேண்டாம் என்றேன் என்பது பெரிய காற்றடித்த மறுநாள் கிளாஸ்கோவின் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தால் புரியும். கம்பி முறிந்த குடைகள் தலைகீழாகக் கிடக்கும். ஓபனில் மழை தலைக்கு மேலிருந்து வருவதைவிடப் பக்கவாட்டில் வருவதே அதிகம். பிளாஸ்டிக் போஞ்சோவும் காற்றில் பாய்மரம் விரித்துவிடும்.

மழைக் கால்சட்டை ஒன்று ஆளுக்கு வாங்கி மடித்துப் பைக்குள் வையுங்கள். கோட்டிலிருந்து வழியும் தண்ணீரெல்லாம் தொடையில்தான் இறங்கும். அதை வருகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. காலுக்கு நீர் புகாத நடைக் காலணி. அது விலை அதிகம் என்று தோன்றினால் சாதாரணக் காலணி இரண்டு ஜோடி. நனைந்த ஜோடிக்குள் இரவு செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலையில் பெரும்பாலும் போடும்படி ஆகிவிடும். பைக்கு மேலே மாட்டும் மழை உறையை நம்பாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போகும். பைக்கு உள்ளே ஒரு தடித்த குப்பைப் பையை விரித்து, அதற்குள் பொருள்களை வையுங்கள். பாஸ்போர்ட்டும் மருந்தும் அதற்குள்ளும் ஜிப் பையில். செல்போன் திரை நனைந்தால் விரல் சொல்வதைக் கேட்காது. டிக்கெட்டை ஒரு தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? ஃபிளீஸையும் மெல்லிய உள்சட்டையையும் கோவையிலேயே வாங்கலாம். மழைக்கோட்டைக் கிளாஸ்கோவில் வாங்குவது நல்லது. அந்த மழையைத் தெரிந்தவர்கள் விற்பது. உங்கள் தங்கையிடம் சொல்லி, அங்குள்ள அறக்கட்டளைக் கடைகளில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை போட்டுத் தூக்கிப்போட்ட நல்ல கோட்டுகள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கானவை, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அம்மாவின் புடவைக்கு வருவோம். கட்டக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் பருத்திப் புடவை வேண்டாம், பட்டும் வேண்டாம். எடை குறைந்த சிந்தெடிக் புடவை சாரலில் நனைந்தாலும் அறைக்கு வந்து ஹீட்டர் பக்கத்தில் போட்டால் விரைவில் உலர்ந்துவிடும். உள்ளே பாவாடைக்குப் பதிலாக, அல்லது பாவாடைக்குள்ளே, தெர்மல் லெகிங்ஸ். புடவையைக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள். கரை தரையில் புரண்டால் ஈரம் முழங்கால் வரை ஏறிவிடும். முந்தானையை இழுத்துச் செருகி, இரண்டு மூன்று இடத்தில் ஊக்கு. மேலே இடுப்போடு நிற்கும் கோட்டு உதவாது, முழங்கால் வரை இறங்கும் நீண்ட மழைக்கோட்டு வேண்டும்; ஓர் அளவு பெரிதாக எடுங்கள். ஃபெர்ரி நாளில் மட்டும் சல்வாருக்கு அவர் சம்மதித்தால் உங்களுக்கு நிம்மதி. மார்கழிக் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லா இருக்கிறதே, அதை மறக்காமல் எடுத்துவாருங்கள். ஊரில் பார்த்துச் சிரிப்போம். காது, கழுத்து இரண்டையும் ஒரே துணியில் மூடும் அதைவிடச் சிறந்த காற்றுத்தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. செருப்போடு வர வேண்டாம். மெட்டிக்கு இடம்விடும் தளர்ந்த கம்பளிச் சாக்ஸும், அடியில் நல்ல பிடிப்புள்ள காலணியும் வேண்டும். படகுத்துறைச் சரிவுகளில் கடற்பாசி படிந்திருக்கும், சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரைபோல் வழுக்கும்.

இப்போது திட்டம். உங்களுக்கு ஓபனில் முழுதாகக் கிடைப்பது இரண்டு நாள், வரும் நாளும் போகும் நாளும் அரைகுறை. இவற்றில் ஒரே ஒரு நாள்தான் வானிலையைப் பொறுத்தது: தீவுக்குப் போகும் நாள். அதை இன்ன தேதி என்று குறிக்காமல் விட்டுவிட்டு, கிளாஸ்கோவிலிருந்து கிளம்பும் முந்தின நாளிலிருந்து முன்னறிவிப்பைப் பாருங்கள். பத்து நாளைக்கு முன்பே பார்த்து மனத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அட்லாண்டிக் தாழ்வழுத்தங்களின் பாதை அவ்வளவு முன்கூட்டித் தெளிவாகாது. இரண்டு நாள் முன்னறிவிப்பு நம்பத் தக்கது.

எதைப் பார்ப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் ஓபனுக்கு மணிக்கு மணி முன்னறிவிப்பு தருகிறது. அதில் எல்லோர் கண்ணும் முதலில் மேகப் படத்துக்குத்தான் போகும். அதை விடுங்கள், மேகமும் இரண்டு துளியும் போட்ட படம் ஓபனில் ஆண்டு முழுக்கத் தெரியும். கீழே காற்றின் வேகத்தையும், அதற்கடுத்து வரும் திடீர் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். சாதாரணக் காற்று மணிக்கு 15 மைல், வீச்சு 25 மைல் என்றால், மழைப் படம் இருந்தாலும் தைரியமாகக் கிளம்பலாம். வீச்சு 40 மைலைத் தாண்டினால், வெயில் படம் போட்டிருந்தாலும் அன்று ஊரிலேயே இருங்கள். மழை நனைக்கும், அவ்வளவுதான். ஃபெர்ரியை நிறுத்துவது காற்றும் அலையும். கடற்கரையோர நீர்ப்பரப்புக்கென்று தனி முன்னறிவிப்பும் அதே துறை வெளியிடுகிறது. ஓபன் அதில் ‘மல் ஆஃப் கின்டைர் முதல் ஆர்ட்னமர்ஹன் முனை வரை’ என்ற பகுதிக்குள் வரும் (மல் ஆஃப் கின்டைர் தெற்கே உள்ள ஒரு முனை, மல் தீவு அல்ல). கடல் நிலையை ஒரு வரியில் சொல்லிவிடும்.

மஞ்சள், ஆம்பர் (இளஞ்செம்மஞ்சள்), சிவப்பு என்று மூன்று எச்சரிக்கை நிறங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருந்தால் போதும். ஆம்பர் என்றால் ரயில், ஃபெர்ரி இரண்டுமே நிற்கலாம். கோடையில் அப்படியெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம்: 2025 ஆகஸ்ட் 4 அன்று ஃப்ளோரிஸ் புயல் ஸ்காட்லாந்தைத் தாக்கியபோது ஆம்பர் எச்சரிக்கை விடுத்தார்கள், வடக்கே ரயில்களும் பல ஃபெர்ரிகளும் ரத்தாயின. இது அரிது, ஆனால் நடக்கும். விமானத்தைப் பிடிக்கும் நாளுக்கு முந்தின இரவை ஓபனில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். கிளாஸ்கோவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

கப்பல் பாதுகாப்பா என்று கேட்டீர்கள். தீவுகளுக்கு ஓடுபவை கால்மாக் நிறுவனத்தின் ஃபெர்ரிகள். கார்களும் லாரிகளும் ஏறும் பெரிய கப்பல்கள், உள்ளே ஹீட்டர், உணவகம், கழிப்பறை எல்லாம் உண்டு. கடல் கெட்டால் கப்பலை எடுக்கவே மாட்டார்கள். ஆகவே உங்கள் கவலை ஆபத்து அல்ல. போன தீவிலிருந்து திரும்ப முடியாமல் போவது. காலையில் கிளம்பும்போது போகும் கப்பல் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், மாலையில் திரும்பும் கப்பலுக்கு எச்சரிக்கை ஏதும் போட்டிருக்கிறார்களா என்றும் கால்மாக் தளத்தில் பாருங்கள்.

அம்மாவுக்கு ஏற்றது மல் தீவு. ஓபன் ரயில் நிலையத்தை ஒட்டியே ஃபெர்ரித் துறை, அங்கிருந்து மல் தீவின் கிரெய்க்நியூர் துறைக்கு ஐம்பது நிமிடம் போல. இருபக்கமும் நிலம் இருப்பதால் அலை அடங்கிய பாதை. பாரா, டைரீ போன்ற தொலைதூரத் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் திறந்த அட்லாண்டிக்கைச் சந்திக்கும். அதெல்லாம் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பஸ்ஸில் தலைசுற்றுகிறவர் என்றால், கடல்நோய் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கப்பலேறிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு.

கிரெய்க்நியூரிலிருந்து இரண்டு வழி. டோபர்மோரிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போல. துறைமுகத்தில் வரிசையாகப் பல வண்ண வீடுகள், தேநீர்க் கடைகள், மழை வந்தால் ஒதுங்க இடம். இன்னொன்று அயோனா. ஒற்றைத் தடச் சாலையில் ஒன்றேகால் மணி நேரம் பஸ், பிறகு பத்து நிமிடச் சிறு ஃபெர்ரி. கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா துறவி மடம் நிறுவிய தீவு அது. வெள்ளை மணல், பச்சைக் கடல், நடுவே மடாலயம். நல்ல நாளில் அயோனாவுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சிறு ஃபெர்ரி சாய்தளத்தை இறக்கும் கான்கிரீட் சரிவில் அலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஒதுங்க இடம் குறைவு. காற்றடிக்கும் நாளில் அம்மாவை அங்கே அழைத்துப் போக வேண்டாம்.

கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஓபனுக்கு ரயில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தாம், கோடையில் நிரம்பிவிடும். கிரியன்லாரிக் நிலையத்தில் சில ரயில்கள் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி ஓபனுக்கு, மறு பாதி ஃபோர்ட் வில்லியம், மல்லேக் பக்கம். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இடப்பக்கம் கடற்கழிமுகங்கள் தெரியும், ஆரோகருக்குப் பிறகு வலப்பக்கம் லோமண்ட் ஏரி. ஆ ஏரியைத் தாண்டி பிராண்டர் கணவாயில் நுழையும்போது மலைச்சரிவில் தண்டவாளத்தையொட்டிக் கம்பி வேலி ஒன்று ஓடுவதைப் பையனுக்குக் காட்டுங்கள். 1880களில் ரயில் கம்பெனியைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் போட்டது. மேலிருந்து பாறை உருண்டு கம்பியை அறுத்தால் சிக்னல்கள் தானே ‘நில்’ என்று மாறிவிடும். காற்றில் கம்பிகள் ரீங்கரிப்பதால் அதற்கு ஆண்டர்சனின் பியானோ என்று பெயர். கணினி இல்லாத காலத்து ஏற்பாடு.

மழை நாள் வீணாகுமா என்றால், ஆகாது. ஊருக்கு மேலே குன்றில் ரோமானிய அரங்கம் போல வட்டமாக நிற்கிறதே, அது மெக்கேக் கோபுரம். ஜான் ஸ்டூவர்ட் மெக்கேக் என்ற வங்கிக்காரர் 1897இல் தொடங்கினார். குளிர்காலத்தில் வேலையின்றி இருந்த உள்ளூர்க் கல்தச்சர்களுக்கு வேலை கொடுப்பது ஒரு நோக்கம். 1902இல் அவர் இறந்ததும் பணி நின்றது. கூரையில்லாமல் அப்படியே நிற்கிறது. மழை விட்ட அரைமணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம், கட்டணம் கிடையாது. ஏற்றம் செங்குத்து, அம்மாவுக்கு டாக்ஸி. 1794இல் தொடங்கிய விஸ்கி வடிசாலை ஊர் நடுவிலேயே இருக்கிறது. குடும்பத்தோடு வருகிற உங்களுக்கு அது எவ்வளவு பயன்படும் என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

என்னைக் கேட்டால், மழை நாளில் பார்க்க வேண்டியது ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டரில் கானல் பாலத்தடியில் இருக்கும் லோரா நீர்ப்பாய்ச்சல். எட்டிவ் என்ற நீண்ட கடற்கழி அங்கே குறுகிய வாயில் வழியே கடலில் சேர்கிறது. வாயிலில் நீருக்கடியில் ஒரு பாறைத் திட்டு. கடல் வற்றும்போது வெளியே நீர்மட்டம் சடசடவென்று இறங்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் அவ்வளவு வேகமாக வெளியேற முடியாது. மேடு பள்ளமாக நின்ற கடல், வெள்ளை நுரையோடு ஆறுபோல் பாயும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் வேகம் மிக அதிகம்; தேதியை வீட்டு நாள்காட்டியிலேயே பார்த்துவிடலாம், வற்றும் நேரத்தை மட்டும் ஓபன் அலையட்டவணையில் பாருங்கள். மழை பெய்தால் அந்தக் காட்சிக்கு ஒரு குறையும் இல்லை.

பகல் நீளம் பலரைத் தடுமாற வைக்கும். ஜூன் கடைசியில் காலை நாலரைக்குச் சூரியன் உதித்து இரவு பத்தேகாலுக்கு அஸ்தமிக்கும். பதினொரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். காலையில் மழையென்றால் அவசரப்பட வேண்டாம், மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் ஐந்து மணி நேர வெளிச்சம் கையில் இருக்கிறது. ஆனால் உணவகங்கள் சூரியனைப் பார்த்து நடப்பதில்லை. எட்டரை, ஒன்பதுக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். பையன் தூங்க, கண்ணை மூடும் துணிப்பட்டை ஒன்று எடுத்துவாருங்கள். வெயிலையும் அலட்சியம் செய்ய வேண்டாம். குளிர்காற்றில் சுடுவது தெரியாமல், கப்பல் தளத்தில் மூக்கு சிவந்துபோகும்.

மிட்ஜ் என்ற பூச்சியைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கொசுவைவிட மிகச் சிறியது, கூட்டமாக வரும், கடித்த இடம் இரண்டு மூன்று நாள் அரிக்கும். ஈரமான, மேகமூட்டமான, காற்றில்லாத காலையிலும் மாலையிலும்தான் அதன் ஆட்சி. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. ஆகவே கடற்கரைச் சாலையில் தொல்லை குறைவு, மரங்களுக்கு நடுவே அதிகம். இதுவரை நான் திட்டிய காற்றை இந்த ஒரு விஷயத்தில் கும்பிட வேண்டும். ‘ஸ்மிட்ஜ்’ என்ற பூச்சிவிரட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் பையனின் கால்களில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். லைம் நோய் அதனால்தான் பரவுகிறது.

சாப்பாட்டில் சைவமா என்று நீங்கள் சொல்லவில்லை. அசைவம் என்றால் ஃபெர்ரித் துறையருகே பச்சை வண்ணம் பூசிய கடலுணவுக் கொட்டகையில் நின்றுகொண்டே சாப்பிடலாம்; நண்டும் சிப்பியும் அன்றன்று வந்தவை. தட்டை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், கடற்காகங்கள் கையிலிருந்தே பிடுங்கும். சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலை எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்; மாட்டுக்கொழுப்பாக இருக்கலாம். சமையலறையுள்ள வீடாக எடுத்துத் தங்குவது உங்கள் குடும்பத்துக்கு நல்லது. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் டெஸ்கோ இருக்கிறது. வெளியே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சூடான டீயோ ரசமோ. நனைந்த துணிகளை உலர்த்த இடம் இருக்கிறதா என்று அறை பதியும் முன்பே கேளுங்கள். அந்த ஊரில் அது நியாயமான கேள்வி, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பதிவு செய்யும் வரிசை: தங்குமிடம் இப்போதே, ரயில் அதற்கடுத்து. ஃபெர்ரியில் காரில்லாமல் போகிறவர்களுக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் சிரமமில்லை, நாளை முடிவு செய்த பிறகு எடுக்கலாம். பையனுக்காக ஒன்று மட்டும் யோசியுங்கள். ஸ்டாஃபா தீவிலும் லுங்கா தீவிலும் பஃபின் என்ற வண்ண அலகுப் பறவைகள் ஏப்ரலில் வந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். ஜூன் கடைசியில் நிச்சயம் இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். ஆனால் போவது சிறு படகு. இறங்கும் இடம் வழுக்குப் பாறை. அலை இருந்தால் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு இறக்காமலே திரும்பிவிடுவார்கள். அம்மாவும் உங்கள் மனைவியும் அயோனாவில் இருக்கட்டும், நீங்களும் பையனும் அங்கிருந்து படகேறி வாருங்கள். கரையில் இறக்க முடியாவிட்டால் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.